ஹெஸ்டர் அனுப்பிவைத்த ஆளுநர்

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டவர் கீர்த்தனா. கோயம்புத்தூர்ப் பிள்ளை. இங்கே ஆக்லாந்தில், எல்லர்ஸ்லியில் ஒரு நிறுவனத்தில் கணினி வேலை. நான் முன்பு வேலை செய்த ஆவணக் காப்பகத்தின் பழைய தாள்களை ஸ்கேன் செய்யும் ஒப்பந்தம் இப்போது அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. "ஆன்ட்டி, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டுட்டா அப்புறம் அந்த ரீடிங் ரூம் எதுக்கு? யாரு வந்து உக்காரப் போறாங்க?" என்று தொலைபேசியில் சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "நான் இருந்தனான், பிள்ளை" என்றேன். "உங்களுக்கு அது வேலை ஆன்ட்டி" என்றார். சரி என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். மலரில் பக்கம் போதாது என்றால் வாழ்த்துச் செய்திகளில் இரண்டைக் குறைத்துக்கொள்ளட்டும்.

யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தவள் நான். நியூசிலாந்துக்கு அகதியாக வந்து, டெயரி என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடையில் கல்லாவில் நின்று, முதியோர் இல்லத்தில் துணி தோய்த்து, மாலை வகுப்பில் ஆவணக்காப்புப் படித்து, நகர மையத்தில் அந்த வேலையை எடுத்தேன். இந்த ஊரில் எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு கதை இருக்கிறது, என்னுடையதில் புதினம் ஒன்றுமில்லை. வேலை கிடைத்த மறு வருடம் என் கணவர் காலமானார். மகன் ஆஸ்திரேலியாவில், பேர்த் நகரத்தில் இருக்கிறான். நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். நகரத்துக்குத் தெற்கே பாபகூராவில், மோர்ட்கேஜ் கட்டி முடிந்த வீட்டில் நான் ஒருத்தி. பின்னேரங்களில் யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவரோடுதான் கதைக்க வேண்டும், அதையும் செய்திருக்கிறேன்.

என் மேலதிகாரியின் பெயர் கிரேயம். "கிரேயம் என்றே கூப்பிடுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நரைத்த தலையோடு இருக்கும் மனிதரைப் பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுவது? 'சேர்' என்றால் இங்கே சிரிப்பார்கள். ஆகவே நான் அவரை ஒன்றுமே கூப்பிடவில்லை. தேவைப்பட்டால் எழுந்து போய் அவர் மேசைக்கு முன்னால் நிற்பேன், அவர் நிமிரும்வரை நிற்பேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று என்றே நினைக்கிறேன்.

கிரேயம் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. பிழை கண்டால் அந்தத் தாளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்துவிட்டு, தானும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்காருவார். வாயே திறக்க மாட்டார். பிழையை நாங்களே காணும்வரை அப்படியே இருப்பார். அதைவிட நாலு ஏச்சு ஏசித் தொலைத்திருக்கலாம்.

வேலை என்பது பெரும்பாலும் குண்டூசி கழற்றுவதுதான். அந்தக் காலத்தில் தாள்களை ஊசியால் கோத்துவைத்தார்கள். அது துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிப்போய்க் கிடக்கும். இழுத்தால் கிழியும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியை அசைக்காமல், தாளை அதிலிருந்து நகர்த்தி எடுக்க வேண்டும். நாங்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழித்துவிடுவோம். கையை நன்றாகக் கழுவிக் காயவிட்டுத் தொட வேண்டும், அவ்வளவுதான். காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கத்தை அதற்காகவே விட்டேன்.

இதற்கெல்லாம் மேலே, வந்த ஒழுங்கைக் கலைக்கக் கூடாது என்று ஒரு விதி. ஒருவர் தன் மருத்துவச் சிட்டையையும் காதல் கடிதத்தையும் ஒரே கட்டில் வைத்திருந்தால் அவை அப்படியே இருக்க வேண்டும். ஏன் அப்படி வைத்தார் என்று எங்களுக்குத் தெரியாவிட்டாலும் பின்னால் வரும் யாருக்காவது தெரியலாம். எங்கள் வீட்டில் அலுமாரி ஒழுங்காக இல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அப்படிப்பட்டவள் பிறருடைய குப்பையைக் குப்பையாகவே காப்பாற்றப் பழகினேன்.

ஹெஸ்டர் எங்களிடம் வந்தது ஒரு மழை நாளில். மெலிந்த, உயரமான, கலியாணம் கட்டாத மூதாட்டி. பின்னால் டாக்ஸிக்காரர் இரண்டு பழம்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே அவருடைய மூதாதை ஒருவரின் தாள்கள். அந்த மனிதர் அமெரிக்காவில் ஓர் ஆளுநர். மாநிலம் என்ற தகுதி கிடைப்பதற்கு முன், வெறும் பிரதேசமாக இருந்த ஓரிடத்துக்குத் தலைநகரிலிருந்து நியமித்து அனுப்பப்பட்டவர். அவருடைய பேரன் மர வியாபாரத்துக்காக ஆக்லாந்துக்கு வந்தபோது ஏனோ இவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கடைசியில் எல்லாம் பாபகூராவில் ஹெஸ்டரின் கட்டிலுக்குக் கீழே வந்து சேர்ந்திருந்தன.

பெட்டியைத் திறந்தோம். தாள்கள் எல்லாம் சுருக்கமே இல்லாமல், புதுச் சட்டை போல நேராக இருந்தன. எனக்குத் திக்கென்றது.

"சுருங்கிப்போய்க் கிடந்தது. பெரிய இடத்துக்குக் கொண்டுபோறமே எண்டு எல்லாத்தையும் அயர்ன் பண்ணினனான்" என்றார் ஹெஸ்டர் பெருமையாக. (அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத் தமிழே பேசுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"அரக்கு முத்திரைகள் இருந்திருக்குமே?" என்று கேட்டார் கிரேயம், மிக மெல்ல.

"ஓம், அதுகள் உருகிப்போச்சு. கோப்பை துடைக்கிற துவாயை மேல விரிச்சுத்தான் தேய்ச்சனான், அதில ஒட்டிப்போட்டுது."

கிரேயம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, "இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி. அந்தத் துவாயையும் கொண்டுவர முடியுமா?" என்றார். துவாய் வந்தது. அதற்கும் இலக்கம் போட்டு, தனிப் பெட்டி செய்து வைத்தோம். அன்று மத்தியானம் கிரேயம் சாப்பிடவில்லை.

ஹெஸ்டர் அவற்றைக் கொடையாகத் தரவில்லை, வைப்பாகத் தந்தார். கொடை என்றால் பொருள் எங்களுடையதாகிவிடும். வைப்பு என்றால் நாங்கள் பாதுகாப்போம், உடைமை அவருடையது, வேண்டும்போது எடுத்துக்கொண்டு போகலாம். இதனால் ஒரு கட்டுப்பாடும் உண்டு. வைப்பாளர் வீட்டுக்கு நாங்கள் போகக் கூடாது, அவர்கள் தருவதை வாங்கக் கூடாது, வெளியே பழகக் கூடாது. முன்பு ஒரு தடவை இப்படிப் பழகி, உறவினர்கள் வழக்குக்கு வந்து, காப்பகத்துக்குப் பெரிய தலையிடியாகப் போயிருந்தது. "பொருள் நம்மிடம் இருக்கும்வரை அவர்கள் நமக்கு நண்பர்கள் இல்லை" என்பார் கிரேயம். எத்தனையோ வாசல் ஏறி இறங்கி எடுத்த வேலை. நான் அந்த விதியை வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

ஹெஸ்டர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வாசிப்பறைக்கு வரத் தொடங்கினார். அன்று மாலை நெடுநேரம் அறை திறந்திருக்கும், ஆகையால் எனக்கு வேலை காலையில் பிந்தித்தான் தொடங்கும். அவருடைய மூத்தோர் அட்டைக்கும் காலை நெரிசல் கழிந்த பிறகுதான் ரயில் இலவசம். ஆக, பாபகூராவிலிருந்து இருவருக்கும் ஒரே ரயில். மேடையில் கண்டால் தலையாட்டுவோம். பிறகு அவர் முன்பெட்டியில் ஏறுவார், நான் பின்பெட்டிக்கு நடப்பேன். நகரம் வந்ததும் ஒரே தெருவில், நான் முன்னால், அவர் பின்னால். யாராவது பார்த்திருந்தால் இரண்டு பேரும் கோபம் என்று நினைத்திருப்பார்கள்.

வாசிப்பறையில் மட்டும் கதைக்கலாம், அதுவும் தாள்களைப் பற்றித்தான். அவருக்குக் கண் மங்கிவிட்டது, அந்த ஆளுநரின் கையெழுத்தோ கோழி கிளறினது மாதிரி. ஆகவே நான் வாசித்துக் காட்டுவேன். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, மேசையில் பென்சில் மட்டும். அவர் எனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை போல இருப்பார்.

ஆளுநர் பெரும்பாலும் முறைப்பாடுதான் எழுதியிருந்தார். தலைநகருக்கு அனுப்பிய கடிதங்களின் வரைவுகளே அதிகம். வீட்டுக்குக் கதவு இல்லை. தாள் முடிந்துவிட்டது. காய்ச்சல். போன தடவை எழுதியதற்குப் பதில் வரவில்லை. அதற்கு முந்தியதற்கும் வரவில்லை. பல்வலி. பதில் வரவில்லை என்று எழுதியதற்கும் பதில் வரவில்லை.

"மனுசன் பாவம்" என்பார் ஹெஸ்டர்.

"பாவமோ? கொஞ்சம் பொறுங்கோ" என்று அடுத்த தாளை வாசிப்பேன். பல்வலிக்கு அடுத்த தாளிலேயே ஓர் ஆற்றங்கரை முழுவதும் அங்கே காலங்காலமாக வாழ்ந்த மக்களிடமிருந்து அரசின் கைக்கு மாறும். அவர்கள் பெயர்களை அவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதியிருப்பார். வீடு வாசல் விட்டு வந்தவள் நான், எனக்கு அந்த இடத்தில் குரல் கடுமையாகும். ஹெஸ்டர் தலைகுனிந்திருப்பார். ஒரு தடவை நான் தயங்கி நிறுத்தினேன். "நிப்பாட்டாதையும். அதையும் வாசியும். அது எங்கட ஆள் செய்ததுதானே" என்றார்.

அப்படியே வருடங்கள் போயின. வியாழக்கிழமை என்றால் நான் நல்ல சேலையோ நல்ல கார்டிகனோ எடுத்துவைப்பேன். மற்ற நாட்களில் என் குரலே எனக்கு அந்நியமாக இருக்கும். சில சனி, ஞாயிறுகளில் வாயைத் திறக்காமலே இரண்டு நாளும் போய்விடும். திங்கட்கிழமை ரயிலில் ஒருவர் நேரம் கேட்டால் தொண்டையைச் செருமித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதை வெளியே சொல்ல வெட்கம். தனிமையைச் சொன்னால் கோயிலில் நாலு பேர் பாவம் பார்ப்பார்கள். எனக்கு ஒருவரும் பாவம் பார்க்கத் தேவையில்லை.

பிறகு அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. அந்தப் பிரதேசம் இப்போது ஒரு மாநிலம், அதன் ஆவணக் காப்பகம் எழுதியிருந்தது. ஆளுநரின் தாள்கள் தங்களுக்கு வேண்டும் என்றும், அந்த ஆற்றங்கரை மக்களின் சந்ததியினர் தங்கள் முன்னோர் பெயரைப் பார்க்க உலகத்தின் மறுகோடிக்கு வர முடியாது என்றும் மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். முடிவு ஹெஸ்டரின் கையில்.

கிரேயம் வாடிப்போனார். எங்களிடம் இருந்தவற்றில் அது ஒன்றுதான் வெளிநாட்டு அறிஞர்களை எங்கள் வாசல்வரை இழுத்துவந்தது. இருந்தும் என்னைக் கூப்பிட்டு, "அவர் உங்களிடம் கேட்பார். ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். நமக்கு வேண்டும் என்பதற்காக ஒரு வார்த்தை சொன்னாலும் அது பிழை" என்றார். நான் தலையாட்டினேன். அவருக்குத் தாள்கள் போய்விடும் என்ற பயம். எனக்கு வியாழக்கிழமை போய்விடும் என்ற பயம். அதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அந்த வியாழக்கிழமை ஹெஸ்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

"அதை நான் சொல்லக்கூடாது."

"நீர் சொல்லக்கூடாததுகள்தான் கூட" என்று சிரித்தார். பிறகு, "சரி, இதைச் சொல்லும். இதுகளை அனுப்பிப்போட்டால் நான் இஞ்ச ஆர்?"

"வைப்பாளர் இல்லை. ஃபைலை மூடிவிடுவம்."

"அப்ப உமக்கும் எனக்கும் ஒண்டுமில்லை?"

"ஓம். விதிப்படி ஒண்டுமில்லை."

 அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லது" என்று சொல்லிவிட்டு எழுந்து, கிரேயமின் அறைக்குள் போனார். கதவு திறந்துதான் கிடந்தது. "அந்த ஆத்தங்கரைச் சனத்துக்கு இது போய்ச் சேரவேணும். நாங்கள் எடுத்தது கொஞ்சமோ" என்று அவர் சொல்வது கேட்டது. கிரேயம் பேனாவை நீட்டினார். அன்று வீடு திரும்பும்போது பின்பெட்டியில் இருந்து அழுதேன். எதிரில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன். இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டாரே, அதைக்கூடச் சொல்லாத கட்டையாகிப்போனேனே என்று என்மேல் ஆத்திரம். ஒண்டுமில்லை என்றதும் 'நல்லது' என்று எழுந்து போனாரே என்று அவர்மேல் அதைவிட ஆத்திரம்.

கட்டும் வேலையை நானே செய்தேன். வந்த ஒழுங்கில் ஒவ்வொரு உறையாக எண்ணி, பெட்டிக்குள் இடைவெளி இல்லாமல் அமிலமில்லாத தாளைச் சுருட்டி வைத்து, மூலைகளை அழுத்திப் பார்த்தேன். துவாயையும் வைத்தேன். கிரேயம் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பிழை ஒன்றும் விடவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தார். வண்டி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனதும், "தேநீர் குடிக்கிறீர்களா, ரஞ்சி?" என்று கேட்டார். எனக்கு அவர் தேநீர் போட்டுத் தந்தது அந்த ஒரு தடவைதான். "நன்றி, கிரேயம்" என்றேன். பெயர் அப்போதுதான் வாயில் வந்தது.

அடுத்த வியாழக்கிழமை பாபகூரா மேடையில் ஹெஸ்டர் நின்றார். எனக்குப் புரியவில்லை. பெட்டி இல்லை, வாசிப்பறையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. பழக்கத்தில் தலையை ஆட்டிவிட்டுப் பின்பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். ரயில் புறப்பட்ட பிறகு, பெட்டிகளுக்கு நடுவால் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து ஓர் உருவம் வந்தது. ஹெஸ்டர்தான். மூச்சு வாங்க என் பக்கத்தில் இருந்தார்.

"எங்க போறீங்கள்?" என்று கேட்டேன்.

"ஓரிடமும் இல்லை. நீர் இறங்கினதும் இதே ரயிலில திரும்பிப் போவன்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"உம்மோட இருக்க. இனி உமக்குத் தடையில்லைத்தானே? நீர்தானே சொன்னீர், ஒண்டுமில்லை எண்டு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்த மனுசிக்கு விசரா? "இதுக்காகவோ அதுகளை அனுப்பினீங்கள்? கிரேயமுக்கு ஆத்தங்கரைச் சனம் எண்டு சொன்னீங்களே!"

"அது பொய்யில்லை. அதுதான் பெரிய காரணம்" என்றார். "இது சின்னது. ஆனால் கையெழுத்துப் போடேக்க இதைத்தான் நினைச்சனான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் அருகில் ஓர் இருக்கைக்காக இதுவரை ஒருவரும் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. என்னைப் பெற்றவர்கள்கூட இல்லை.  எல்லர்ஸ்லி தாண்டியதும் பேசத் தொடங்கி, நகரம் வந்ததும் இறங்க மறந்து, ரயில் அலுவலர் வந்து சொல்லித்தான் இறங்கினேன். முதன்முதலாக வேலைக்குப் பிந்திப் போனேன்.

அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் அவர் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போவேன். இடியப்பம் அவிப்பேன், அவர் கரண்டியால் சாப்பிடுவார். என் கணவரைப் பற்றிக் கேட்டார், ஊரைப் பற்றிக் கேட்டார். மகனிடம்கூட நான் சொல்லாததுகளைச் சொன்னேன். தன் வாழ்க்கையில் ஒருவர் இருந்ததாகவும், கப்பலில் போய்த் திரும்பி வரவில்லை என்றும் அவர் சொன்னார். தாள் ஒன்றும் கிடையாது, படமும் கிடையாது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் குளிர்காலத்தில் ஹெஸ்டர் விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு அழைத்துச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டு வாசலில் ஒரு தாதி மறித்தார். பெயர் அட்டையைப் பார்த்தவுடன் நம்மவர் என்று தெரிந்தது. அவரும் என் பொட்டைப் பார்த்தார்.

"அம்மா, இந்த வார்டுல சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள போகலாம். அவங்களுக்கு யாருமே இல்லைன்னு எழுதியிருக்கு. நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

வேலை செய்த காலம் முழுவதும், ஆதாரம் இல்லாமல் ஒருவருக்கு இன்னொருவர் உறவு என்று நான் ஒரு வரி எழுதியதில்லை. பிறப்புப் பதிவு வேண்டும், இல்லாவிட்டால் திருமணப் பதிவு வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுவேன். அதில் நான் மகா பிடிவாதக்காரி.

"தங்கச்சி" என்றேன்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெள்ளைத் தலையணையில் ஹெஸ்டரின் வெள்ளை முகம் தெரிந்தது. அந்தத் தாதி அவரை ஒரு தடவை பார்த்தார், கரிச்சட்டி நிறத்தில் நிற்கிற என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமாம்மா, ஜாடை இருக்கு" என்று கதவைத் திறந்து பிடித்தார். "உள்ள போங்க."